ஹுயிஸ்மன், பால்டிக், ஸ்வான்: யாட் கட்டுறதுல எந்த வேலை யார்டுக்குள்ளேயே நடக்கணும்?

லக்சுரி யாட், அதாவது சொகுசுப் படகு பத்திப் பேச ஆரம்பிச்சா எல்லாரும் முதல்ல கேபின் போட்டோவத்தான் காட்டுவாங்க, மர வேலை எவ்ளோ நைசா இருக்கு பாரு, லெதர் தையல் பாருன்னு. எல்லா யார்டும் (படகு கட்டுற பட்டறை) எங்க ஆளுங்களே பண்றதுன்னு சொல்லிக்கும். என்னைக் கேட்டா மர வேலைய வெளிய குடுத்தாக்கூட பெரிய தப்பில்ல. அது கண்ணுக்குத் தெரியிற வேலை, ஒரு இணைப்பு பிசகினாலும் ஓனரே பாத்துட்டு மாத்தச் சொல்லிடுவார். மூடின அப்புறம் ஒருத்தராலயும் பாக்க முடியாத வேலை எது, அது யார் கையில நடக்குதுன்னு பாத்துத்தான் யார்டை எடை போடணும். அந்த வேலை எதுங்கிறது படகை எந்தப் பொருள்ல கட்டுறாங்கன்றதப் பொறுத்து மாறும்.

மூணு பேர எடுத்துக்குறேன். நெதர்லாந்துல ஃபோலன்ஹோவ ஊர்ல இருக்குற ராயல் ஹுயிஸ்மன், 1884ல ஆரம்பிச்சது, அலுமினியத்துக்குப் பேர் போனவங்க. ஃபின்லாந்துல பியெட்டர்சாரில ஸ்வான் யாட் கட்டுற நாவ்டார், 1966ல பெக்கா கோஸ்கென்கிலா தொடங்கினது. அங்கிருந்து 1973ல அஞ்சு பேர் வெளிய வந்து பக்கத்துலயே போசுண்ட் கிராமத்துல ஆரம்பிச்சதுதான் பால்டிக், எடை குறைச்சு கட்டணும்னே ஆரம்பிச்சவங்க, இன்னைக்கு கார்பன் நார்ல பெரிய பேரு. மூணு பேருமே பாய்மர யாட்டுக்குத்தான் பேர் போனவங்க. விட்பிரெட் உலகச் சுற்றுப் போட்டி 1973-74ல முதல் தடவை நடந்தப்போ ஜெயிச்ச சயூலா 2 ஒரு ஸ்வான் 65, கண்ணாடி நார் படகு. அடுத்த ரெண்டு போட்டியும், 1977-78, 1981-82, ஜெயிச்ச ஃப்ளையர், ஃப்ளையர் 2 ரெண்டும் ஹுயிஸ்மன் கட்டின அலுமினியப் படகு. அதனால இதுல யாரையும் சும்மா அலங்காரப் படகுக்காரங்கன்னு ஒதுக்க முடியாது.

அலுமினியத்துல இருந்து வர்றேன். தகட்ட வெட்டி வளைச்சு வெல்டிங் பண்றாங்க. சூடு பட்டா அலுமினியம் இழுத்துக்கும், எந்த வெல்ட முதல்ல போடறது எத அப்புறம் போடறதுன்ற வரிசையிலதான் ஹல் (படகோட வெளி உடம்பு) நேரா வர்றதும் மேடும் பள்ளமுமா வர்றதும் இருக்கு. மேடு பள்ளமா வந்தா பட்டி பாத்து, கையால தேச்சு, மறுபடி பட்டி பாத்து, கண்ணாடி மாதிரி கொண்டு வருவாங்க, ஆனா எவ்ளோ பட்டியோ அவ்ளோ எடை, பின்னாடி விரிசல் விட்டாலும் அங்கதான் விடும். நல்ல வெல்டர் இருக்குற யார்டுல பட்டி கம்மி. வெல்டிங்ல ஒரு நல்ல விஷயம், எக்ஸ்ரே எடுத்துப் பாக்கலாம், தப்புன்னா வெட்டி எடுத்துட்டு திரும்பப் போடலாம், அதான் ஐரோப்பாவுல பல யார்டு வெறும் ஹல்லை வேற எங்கயோ கட்ட வெச்சு இழுத்துட்டு வந்து மிச்ச வேலைய மட்டும் பண்ணுது. அது ஒண்ணும் பெரிய குத்தம் கிடையாது.

அலுமினியப் படகுல மறைஞ்சு போற வேலை வேற: ஸ்டீல் போல்ட்டும் அலுமினியமும் நேரா தொடாம நடுவுல ஒரு தடுப்பு வெச்சாங்களா, வயரிங்ல எங்கயாவது கசியிற கரண்ட் ஹல்லுக்குள்ள ஓடுதா, பலகைக்குப் பின்னாடி தண்ணி தேங்குற மூலை இருக்கா, இதெல்லாம். உப்புத்தண்ணில ஸ்டீலோ தாமிரமோ அலுமினியத்தத் தொட்டா அலுமினியம்தான் அரிக்கும், பாசியும் சிப்பியும் ஒட்டாம இருக்க அடிக்கிற, தாமிரம் கலந்த ஆன்ட்டிஃபவுலிங் பெயின்ட்டக்கூட அலுமினிய ஹல்லுல அடிக்கக் கூடாது. ஹுயிஸ்மன் மேல எனக்கு மரியாதை வர்றது இதுலதான். வெல்டிங், பைப், கரண்ட், மர வேலைன்னு எல்லாத்தையும் ஒரே கூரைக்குக் கீழ வெச்சிருக்காங்க, பாய்மரத்துக்கும் டெக் (மேல்தளம்) சாமானுக்கும் ரோண்டால்னு சொந்தத் துணைக் கம்பெனியே இருக்கு. 2020ல டெலிவரி ஆன சீ ஈகிள் 2, 81 மீட்டர், மூணு பாய்மரம், ஹல் அலுமினியம், பாய்மரம் மூணும் ரோண்டாலோட கார்பன். கார்பனும் அலுமினியமும் ஒண்ணையொண்ணு ஆகாத ஜாதி, அது சேர்ற இடத்துக்கெல்லாம் ஒரே குடும்பம் பொறுப்பேத்துக்குதுன்னா ஓனருக்கு அதவிட நிம்மதி இல்ல, ரெண்டு கம்பெனியா இருந்தா நாளைக்கு அரிச்சதும் இவன் அவன கை காட்டுவான் அவன் இவன கை காட்டுவான்.

கார்பனுக்கு வந்தா ஆட்டமே வேற. ரெசின்னு சொல்ற பசை ஏற்கனவே ஊறின கார்பன் துணி ரோல் ரோலா மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசர்ல கிடக்கும். வெளிய எடுத்ததும் பிரிக்கக் கூடாது, ரூம் சூட்டுக்கு வர்ற வரைக்கும் கவரோடயே விடணும், அவசரப்பட்டுப் பிரிச்சா துணி மேல ஈரம் வேர்த்து நிக்கும், அந்த ஈரம் அடுக்குக்குள்ள மாட்டி சூடு ஏறுறப்போ ஆவியாகி குட்டிக் குட்டிப் பொத்தலாயிடும். எந்த ரோல் எத்தன மணி நேரம் வெளிய இருந்துச்சுன்னு கணக்கு வெச்சாகணும். அப்புறம் அச்சுல ஒவ்வொரு அடுக்கும் எந்தக் கோணத்துல விழணும்னு டிராயிங்ல இருக்கோ அப்படியே விரிச்சு, சில அடுக்குக்கு ஒரு தடவை பிளாஸ்டிக் ஷீட்டப் போட்டு மூடி வேக்குவம் இழுத்து, நடுவுல தேன்கூடு அமைப்புல இருக்குற இலேசான கோர் வெச்சு, மேல மறுபடி கார்பன் அடுக்கு, கடைசில ஹல் மொத்தமும் அடங்குற பெரிய ஓவன்ல 80 டிகிரியோ அதுக்கு மேலயோ ஏத்தி வேக வைக்கணும். பெயின்ட் அடிச்சுட்டா அவ்ளோதான். ஒரு அடுக்கு கோணம் மாறி விழுந்திருந்தாலும் வெளிய இருந்து தெரியாது. அல்ட்ராசவுண்ட் வெச்சும் தட்டிப் பாத்தும் ஒட்டாத இடத்தக் கண்டுபிடிக்கலாம், ஆனா கெட்டுப்போன அடுக்கை வெல்ட் மாதிரி சுலபமா வெட்டிப் போட்டுட முடியாது. அதனால கார்பன் ஹல்லை வெளிய குடுத்துக் கட்டுற யார்டுன்னா நான் ரொம்ப யோசிப்பேன். பால்டிக் லேமினேட் (இந்த அடுக்கு ஒட்டுற வேலை), மெட்டல், மர வேலை மூணையும் தன் ஆளுங்கள வெச்சே பண்றதுக்கு அர்த்தம் இங்கதான் இருக்கு. 2017ல வந்த பிங்க் ஜின், கிட்டத்தட்ட 54 மீட்டர், ஹல்லோட பக்கத்துலயே பெரிய கதவு திறந்து கடலுக்கு மேல மேடையாகும். அத்தன அழுத்தம் தாங்குற ஹல்லுல பெரிய ஓட்டை போட்டுட்டு அது வளையாம நிக்கணும்னா சுத்தி இருக்குற அடுக்கு ஒவ்வொண்ணும் சொன்னபடி விழுந்திருக்கணும்.

மர வேலைய வெளிய குடுக்கலாம்னு முதல்ல சொன்னேன்ல, கார்பன் படகுக்கு அது பொருந்தாது. கார்பன் அடுக்கோட அடர்த்தி 1.6 கிட்ட, அலுமினியம் 2.7. ஹல்லுல எடை குறைஞ்சா அடில கட்டுற கீல் எடையக் குறைக்கலாம், பாய்மரம், இஞ்சின் எல்லாம் சின்னதாகும், ஒண்ணோட ஒண்ணு தொடர்ந்து குறையும். அப்படி பாத்துப் பாத்து குறைச்ச படகுக்குள்ள வெளி ஃபர்னிச்சர் கடைக்காரர் முழு ப்ளைவுட்ல அலமாரி செஞ்சு இறக்கினா போட்ட உழைப்பெல்லாம் வீண். அதான் இங்க கேபின் கதவு, மேஜை எல்லாம் ஃபோம் இல்ல தேன்கூடு பலகை, மேல மெல்லிசா வெனீர் (தாள் மாதிரி உரிச்ச மரம்), ஓரத்துல மட்டும் அசல் மரம், ஒரே மரத்துல உரிச்ச வெனீரா பாத்து கதவுக்குக் கதவு ரேகை ஓடுற மாதிரி ஒட்டுவாங்க. தட்டினா டொக்குனு சத்தம் வரும், அத மட்டமான வேலைன்னு நினைக்கிறவங்க இருக்காங்க, உண்மையில முழு மரத்துல செய்யிறத விட இதுக்குத்தான் கை அதிகமா வேணும். ஒரு குறை சொல்லணும்னா இலேசான பலகை சத்தத்தக் கடத்தும், ஜெனரேட்டர் ஓடுறது படுக்கையில கேக்காம இருக்க தனியா மெனக்கெடணும், கனமான அலுமினியப் படகு இதுல சுலபமா ஜெயிச்சுடும்.

ஸ்வான் வழி நிதானமானது. ஒரு அச்சு, அதுலேர்ந்து அதே ஹல் திரும்பத் திரும்ப. முதல் படகுல தெரிஞ்ச தப்பு அடுத்ததுல சரியாகும், கார்பெண்டரும் அதே வளைவுக்கு திரும்பத் திரும்ப பலகை இழைச்சு கை பழகிடும். பியெட்டர்சாரி பக்கம் நூத்துக்கணக்கான வருஷமா மரக்கப்பல் கட்டின ஊரு, அந்தப் பழக்கம் கண்ணாடி நார் படகுக்கும் வந்திருக்குன்றது ஆச்சரியமில்ல. ஆனா நீங்க கேட்ட மாதிரி எல்லாம் இடம் மாத்தித் தர மாட்டாங்க, எனக்கு அது குறையாத் தெரியல. ஒரே ஒரு படகா கட்டுறப்போ எல்லா சோதனையும் உங்க படகு மேலதான் நடக்கும்.

தேக்குதான் இப்போ பெரிய தலைவலி, மூணு யார்டுக்கும். செட்டிநாட்டு வீட்டுத் தூணுக்கு வந்த அதே பர்மா தேக்குதான் யாட் டெக்குக்கும் பேர் போனது, எண்ணெய்ப் பசை இருக்கும், உப்புத்தண்ணிக்கு அசராது, நனைஞ்சாலும் கால் வழுக்காது. 2021 ராணுவ ஆட்சிக்கு அப்புறம் அங்கத்த அரசு மரக் கம்பெனி மேல ஐரோப்பிய யூனியன் தடை போட்டுடுச்சு, 2024ல இங்கிலாந்துல சன்சீக்கர்ன்ற யாட் கம்பெனிக்கு மியான்மர் தேக்கு விஷயத்துல கோர்ட் அபராதமே போட்டுச்சு. காட்டுல இருந்து திருட்டுத்தனமா வந்த மரத்து மேல கால நீட்டிப் படுக்குறதுல என்ன சொகுசு இருக்கு? பால்டிக் 68 கஃபே ரேசர்ன்ற படகுல ஹல் நார்ல பாதி ஆளிச் செடியோட நார் போட்டுப் பாத்திருக்காங்க, தேக்குக்கும் அந்த அளவுக்குத் துணிச்சலா மாற்று வரணும்.

காசு இருந்து தூரக் கடல் போகணும்னா நான் அலுமினியம்னு சொல்வேன், எந்தத் துறைமுகத்துல இடிச்சுக்கிட்டாலும் ஒரு நல்ல வெல்டர் கிடைப்பான். வேகம்தான் வேணும்னா கார்பன், ஆனா போன படகோட லேமினேட் ரெக்கார்டை, ரோல் நம்பர், ஓவன் சூடு உட்பட, காட்டச் சொல்லுங்க. தயங்காம எடுத்துக் காட்டுற யார்டுல மட்டும் அட்வான்ஸ் குடுங்க.