காப்பர்-டியா, கருத்தடை மாத்திரையா: முடி உதிர்வை முன்வைத்து ஓர் ஒப்பீடு

என் தாய்வழிப் பெண்களுக்கு நாற்பதைத் தொடும்போதே வகிடு அகலமாகி உச்சியில் முடி மெலிந்துவிடும். அதனால், கருத்தடைக்கு எதைத் தேர்வது என்ற கேள்வி வந்தபோது முடியையும் கணக்கில் எடுத்தே நான் கருப்பைக்குள் பொருத்தும் காப்பர்-டிக்கு வந்து சேர்ந்தேன். இந்த ஒப்பீடும் அதன் பக்கம் சாய்ந்துதான் இருக்கும். கருவைத் தடுப்பதில், ஒழுங்காகப் பயன்படுத்தினால், இரண்டுமே நம்பகமானவை.

எல்லா மாத்திரைகளும் முடிக்கு ஒன்றல்ல. அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கும் மாலா-என் மாத்திரையில் 0.15 மில்லிகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரலும் 0.03 மில்லிகிராம் எத்தினைல் எஸ்ட்ராடயாலும் என இரு செயற்கைப் பெண் ஹார்மோன்கள் உள்ளன. முன்னதற்கு ஆண் ஹார்மோனின் சாயல் சற்று உண்டு. பரம்பரையாக முடி மெலியும் உடலில் அது வேர்க்கால்களைச் சுருக்கக்கூடும். பின்னது இரத்தத்தில் தனித்துத் திரியும் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனைக் குறைப்பதால், பெரும்பாலோருக்குப் பாதிப்பு தெரிவதில்லை. லெவோநார்ஜெஸ்ட்ரலுக்குப் பதில் டிராஸ்பிரினோன் என்ற ஹார்மோன் கலந்த மாத்திரைகளோ ஆண் ஹார்மோனை எதிர்ப்பவை. சினைப்பை நீர்க்கட்டி உள்ளவர்களுக்கு அவை முடிக்கும் உதவலாம். ஆனால் மாத்திரை எடுக்காத 10,000 பெண்களில் ஆண்டுக்குச் சுமார் 2 பேருக்கு இரத்த நாளத்தில் இரத்தம் உறைந்து கட்டிக்கொள்கிறதென்றால், லெவோநார்ஜெஸ்ட்ரல் மாத்திரையில் அது 5 முதல் 7 ஆகவும், டிராஸ்பிரினோனில் 9 முதல் 12 ஆகவும் உயர்கிறது. தவிர, மாத்திரையை நிறுத்திய இரண்டு மூன்று மாதங்களில், பிரசவத்துக்குப் பின் கொட்டுவதைப் போல முடி கொத்தாக உதிர்வதும் உண்டு. அது பெரும்பாலும் தானே சரியாகிவிடும். எனினும் மாத்திரை மறைத்து வைத்திருந்த பரம்பரை மெலிவு அப்போது வெளியே தெரியத் தொடங்கலாம்.

காப்பர்-டியில் ஹார்மோனே இல்லை. 380ஏ வகையை ஒருமுறை பொருத்தினால் 10 ஆண்டுகள் வரை போதும். ஆனால் அது முடியைத் தொடவே தொடாது என்று சொல்லிவிட முடியாது. பலருக்கு மாதவிலக்கின்போது இரத்தப்போக்கு கூடுகிறது. அத்துடன் இரும்புச்சத்தும் போகிறது. 2019–21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. ஏற்கெனவே பற்றாக்குறையில் இருக்கும் உடலில் இந்தக் கூடுதல் இழப்பு சிறியதல்ல. ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே சேமிப்பு இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் வெகுவாகக் குறைந்திருக்கலாம் என்பதால், முதலாவதை மட்டும் பார்த்து நிம்மதியடைவது போதாது. ஃபெரிட்டின் எந்த அளவுக்கு இறங்கினால் முடி உதிரும் என்பதில் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு; ஆனாலும் பொருத்துவதற்கு முன்பும், பிறகு ஆண்டுதோறும் அதைப் பார்த்துக்கொள்வதே காப்பர்-டிக்கு உண்மையான பராமரிப்பு என்பேன். இரும்பு மாத்திரை எழுதித் தந்தால், அதைக் காபி, தேநீரோடு சேர்க்காமல் இடைவெளி விட்டு விழுங்க வேண்டும். இல்லையேல் உடலில் சேர்வது குறையும்.

லெவோநார்ஜெஸ்ட்ரல் வெளியிடும் கருப்பைச் சாதனத்தை நான் பயன்படுத்தியதில்லை. அது இரத்தப்போக்கைக் குறைத்து இரும்பைக் காக்கிறது. ஆனால் அதன் பக்கவிளைவுப் பட்டியலில் முடி உதிர்வும் இருக்கிறது. மாதவிலக்கில் ஏற்கெனவே அதிகம் இரத்தம் போகும் பெண்ணுக்கு, குடும்பத்தில் முடி மெலிவும் இல்லையென்றால், காப்பர்-டியைவிட அதையே நான் முதலில் சொல்வேன். மாத்திரையில் இருந்துகொண்டே முடி உதிர்வதைக் காண்பவர்கள், தாமாக நிறுத்திவிடாமல், தைராய்டையும் இரும்பையும் பரிசோதித்துவிட்டு வேறு வகை மாத்திரைக்கு மாறலாமா என்று மருத்துவரைக் கேட்பது நல்லது.