நாலு நாள் பயணம்: சென்னையா, கோலாலம்பூரா?

மட்டக்களப்பிலிருந்து கட்டுநாயக்க விமான நிலையம் போய்ச் சேரவே பஸ்ஸில் ஓர் இரவு கழிந்துவிடும். அதற்குப் பிறகு விமானத்தில் சென்னை ஏறக்குறைய ஒன்றேகால் மணித்தியாலம், கோலாலம்பூர் மூன்றரை மணித்தியாலத்துக்கு மேல். நாலே நாள் என்றால் இந்த வித்தியாசம் பெரிது.

கல்யாணச் சீலை எடுக்கப் போகும் கூட்டம் யோசிக்கவே வேண்டாம், சென்னைதான். தியாகராய நகரில் கடைக்காரர் பாயில் உட்கார்ந்து ஒவ்வொரு பட்டாக உதறி விரிப்பார். சின்னம்மா முந்தானையைத் திருப்பி, ஜரிகையை நகத்தால் தடவிப் பார்ப்பா. ஒரு சீலைக்கு ஒரு மணித்தியாலம் போனாலும் அவர் முகம் சுளிக்கமாட்டார். வெயிலும் ரங்கநாதன் தெரு நெரிசலும்தான் கஷ்டம். ஒரு நாளை மாமல்லபுரத்துக்கு ஒதுக்குங்கள். கடற்கரைக் கோயிலைப் பார்க்காமல் திரும்புவது பெரிய இழப்பு.

ஊர் பார்க்கத்தான் ஆசை என்றால் கோலாலம்பூர். 452 மீற்றர் உயர இரட்டைக் கோபுரத்தை இரவில் விளக்கொளியில் பாருங்கள். பத்துமலை முருகன் குகைக் கோயிலுக்கு ஏற 272 படிகள். முழங்கால் வலி உள்ள மாமிமார் கீழே 42.7 மீற்றர் முருகன் சிலையடியிலேயே கும்பிடலாம். அப்புறம் சாப்பாடு: தேங்காய்ப்பால் சோறும் சம்பலுமாக வரும் நாசி லெமாக் நம் நாக்குக்கு உடனே பிடிக்கும். பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில் வாழையிலைச் சோறும் உண்டு.

வயதானவர்களோடு போவதென்றால் நான் சென்னையையே சொல்வேன். இளசுகள் மட்டும் என்றால் மலேசியா.