மேல் உதட்டு எரிச்சலுக்குப் பார்லரில் தரும் பெயரில்லாத டப்பா: கல்யாண வீட்டுப் பெண்களுக்கு ஓர் எச்சரிக்கை

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் கல்யாணத்துக்கோ அறுபது, எழுபது வயதில் செய்யும் சாந்திக்கோ தயாராகிக்கொண்டிருக்கும் பெண்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் பார்லருக்குப் போங்கள். மேல் உதட்டு முடியை எடுத்தபின் வரும் எரிச்சலுக்கு என்று சொல்லி, சின்ன வெள்ளை டப்பாவில் ஒரு க்ரீம் விற்கிறார்கள். அதில் பெயர் இல்லை, தயாரித்தவர் யார் என்று இல்லை, தேதி இல்லை. எனக்கும் விற்றார்கள். வேக்ஸால் வந்த காயம் சீக்கிரமே ஆறிவிட்டது. அந்தக் க்ரீமால் வந்தது இன்னும் முழுதாகப் போகவில்லை.

நாத்தனார் மகள் கல்யாணம். பங்காளிகள் எல்லாரும் ஊரிலிருக்கும் பெரிய வீட்டில் கூடுவார்கள், போட்டோவும் வீடியோவும் நாள் முழுக்க ஓடும். வழக்கமாக அப்பர் லிப்புக்கு நூல் போட்டுக்கொள்வதுதான் என் பழக்கம். எங்கள் தெருவில் அதைச் செய்பவர் வெளியூர் போயிருந்ததால், காரைக்குடியில் கொஞ்சம் பெரிய பார்லர் ஒன்றுக்குப் போனேன். நூல் போதும் என்றுதான் சொன்னேன். அங்கிருந்த பெண் விடவில்லை. "ஆச்சி, நூல் போட்டா நாலு நாள்ல திரும்ப வந்துரும். இது பழ வேக்ஸ், வேரோட வந்துரும். ரெண்டு மூணு தடவை எடுத்தா அப்புறம் வளரவே வளராது."

இதுதான் முதல் பொய். நூலும் முடியை வேரோடுதான் இழுக்கிறது, வேக்ஸும் அப்படித்தான். இரண்டிலும் முடி வளரும் குழி உள்ளேயே இருக்கும், சில வாரங்களில் திரும்ப முளைக்கும். வேக்ஸ் போட்டு நிரந்தரமாக முடியை நிறுத்த முடியாது. பழத்தின் பெயரைச் சேர்ப்பதாலும் அது மாறாது.

சரி, வேக்ஸே போடலாம் என்று வந்தபோது நான் ஒன்று கேட்டேன். "முகப்பருவுக்கு டாக்டர் சொல்லி ராத்திரி அடாபலீன் ஜெல் போடுறேன், வேக்ஸ் பண்ணலாமா?" டியூபின் படத்தையும் போனில் காட்டினேன். அந்தப் பெண் எட்டிப் பார்த்துவிட்டு, "அதெல்லாம் ஒண்ணும் செய்யாது ஆச்சி, எல்லாரும் போட்டுக்கிட்டுதான் வர்றாங்க" என்றார். கடைக்காரம்மாவும் பக்கத்தில்தான் நின்றார், தலையை ஆட்டினார்.

இந்த இடத்தை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அடாபலீன், ட்ரெட்டினாயின் போன்றவை ரெட்டினாய்டு வகை மருந்துகள். தோலின் மேலடுக்கு வேகமாக உதிர்ந்து புதிதாக வருவதற்காகத்தான் அவற்றைக் கொடுக்கிறார்கள். அந்த மேலடுக்கு மெலிந்திருக்கும்போது வேக்ஸை ஒட்டி இழுத்தால், முடியோடு சேர்ந்து தோலும் வந்துவிடும். பூசும் ஜெல் என்றால் குறைந்தது ஒரு வாரமாவது நிறுத்திவிட்டுத்தான் வேக்ஸுக்குப் போக வேண்டும் என்று தோல் மருத்துவர்கள் சொல்கிறார்கள். கடும் முகப்பருவுக்குத் தரும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுபவர்கள், மாத்திரையை முடித்து 6 மாதம் ஆகும்வரை வேக்ஸ் பக்கமே போகக் கூடாது என்பதுதான் வழக்கமான அறிவுரை. முகத்தில் வேக்ஸ் போடுவதைத் தொழிலாக வைத்திருப்பவர், வாடிக்கையாளரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. இங்கே வாடிக்கையாளரே வாய்திறந்து சொல்லியும் காதில் வாங்கவில்லை.

வேக்ஸ் சட்டியிலிருந்து எடுத்ததை மணிக்கட்டில் தொட்டு சூடு பார்க்கவில்லை. நேராக உதட்டுக்கு மேல் வந்தது. முதல் இழுப்பில் பாதி முடிதான் வந்தது என்று அதே இடத்தில் மறுபடியும் தடவி இழுத்தார். தடவிய குச்சியையே திரும்பச் சட்டிக்குள் விட்டார். எனக்கு முன்னால் வந்தவர்களுக்கும் அப்படித்தானே விட்டிருப்பார்? உதட்டோரக் கொப்புளம் இருக்கிற ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குத் தொற்று போக இது போதும். இரண்டாவது இழுப்பில் மேல்தோல் பாலாடை மாதிரி சுருண்டு வந்தது. கண்ணாடியில் பார்த்தபோது உதட்டுக்கு மேல் ஒரு பக்கம் பளபளவென்று சிவந்து நீர் கசிந்தது.

நான் அழுதேவிட்டேன். உடனே அந்த டப்பா வந்தது. "இது எங்க ஹெர்பல் கூலிங் க்ரீம் ஆச்சி. ரெண்டு வேளை போடுங்க, கல்யாணத்துக்குள்ள முகம் பளிச்னு ஆயிரும்." வேக்ஸுக்கும் காசு, க்ரீமுக்குத் தனியாக 450 ரூபாய். பில் கேட்டதற்கு ஒரு துண்டுத்தாளில் மொத்தத் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். காசு கொடுத்ததற்கு இப்போது என்னிடமுள்ள ஒரே ஆதாரம் அந்தத் தாள்தான்.

க்ரீம் அருமையாக வேலை செய்தது. ராத்திரி போட்டால் காலையில் சிவப்பு அடங்கியிருந்தது. கல்யாணத்துக்குள் உதட்டைச் சுற்றித் தோல் வெளுப்பாகவே ஆகிவிட்டது, சொந்தக்காரர்கள் என்ன க்ரீம் என்று கேட்கும் அளவுக்கு. ஆபத்து இருப்பது இந்த வேகத்தில்தான். உரிந்த தோல் இத்தனை சீக்கிரம் சாதுவாக அடங்கினால், உள்ளே ஸ்டீராய்டு (சிவப்பையும் வீக்கத்தையும் அடக்கும் மருந்து) இருக்கிறதா என்று சந்தேகப்பட வேண்டும். கல்யாணம் முடிந்து க்ரீமை நிறுத்தியதும் எரிச்சல் பழையதைவிட அதிகமாகத் திரும்பியது. மறுபடி போட்டால் அடங்கும், விட்டால் கிளம்பும். போகப்போக உதட்டின் விளிம்பை ஒட்டி ஒரு மெல்லிய கோடு மட்டும் தப்பியிருக்க, வாயைச் சுற்றிலும் பொடிப்பொடியாகச் சிவப்புப் பருக்கள் வந்தன. இன்னொன்றும் நடந்தது. எந்த முடியை எடுக்கப் போனேனோ அந்தப் பூனைமுடி முன்பைவிட அடர்த்தியாக வளர ஆரம்பித்தது.

தோல் மருத்துவர் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "என்ன க்ரீம் போடுறீங்க?" டப்பாவைக் காட்டினேன். பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பாமல் உள்ளே என்ன இருக்கிறதென்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் முகத்தில் தெரிகிற அறிகுறிகள் எல்லாம் ஸ்டீராய்டு க்ரீம் செய்கிறவை என்றார். வாயைச் சுற்றிய பருக்கள், நிறுத்தினால் சீறிக் கிளம்பும் சிவப்பு, தோல் மெலிவது, முடி கூடுவது எல்லாமே அதன் விளைவுகள். இதற்கென்றே ஸ்டீராய்டால் கெட்ட முகம் என்ற பொருளில் மருத்துவர்கள் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். நாடு முழுக்கப் பார்லரிலும் மருந்துக்கடையிலும் சிவப்பழகுக்கு என்று கைமாறும் க்ரீம்களால் அத்தனை பேர் வருகிறார்களாம். இந்தியத் தோல் மருத்துவர் சங்கம் பல வருடங்களாக இதை எதிர்த்துக் குரல் கொடுத்து வருகிறது. 2018இல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு க்ரீம்களை, மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. மருந்துக்கடையிலேயே சீட்டில்லாமல் விற்கக் கூடாத சரக்கைப் பெயரில்லாத டப்பாவில் மாற்றிப் பார்லரில் விற்றால் யார் பிடிப்பது?

ஸ்டீராய்டு மட்டும்தான் பயம் என்றும் நினைக்க வேண்டாம். 2023இல் கேரளாவின் மலப்புரத்தில், சிவப்பழகு க்ரீம் போட்ட சிலருக்குச் சிறுநீரகமே பாதிக்கப்பட்டது. அந்தக் க்ரீம்களில் பாதரசம் அளவுக்கு மீறி இருந்தது தெரியவந்தது. இந்தியாவின் 2020 அழகுசாதன விதிகள் பாதரசம் சேர்த்து அழகுசாதனம் தயாரிப்பதைத் தடை செய்கின்றன. அதே விதிகளின்படி தயாரிப்பாளர் பெயர், முகவரி, உரிம எண், பேட்ச் எண், காலாவதித் தேதி, உட்பொருட்கள் எல்லாம் மேலே இருக்க வேண்டும். இவை இல்லாத டப்பாவை எவ்வளவு தெரிந்தவர் கொடுத்தாலும் முகத்தில் வைக்காதீர்கள்.

அப்படியானால் முடி எடுத்தபின் சிவந்தால் என்ன செய்வது? நூலோ வேக்ஸோ போட்டபின் வரும் சாதாரணச் சிவப்பு சில மணி நேரத்தில், மிஞ்சிப்போனால் ஓரிரு நாளில் தானாகவே போகும். சுத்தமான துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்து பத்து நிமிடம் வைத்தாலே பாதி எரிச்சல் குறையும். ஐஸ் கட்டியை நேராகத் தோலில் வைக்க வேண்டாம். பிறகு வாசனை சேர்க்காத வாசலின் மெல்லிசாகத் தடவினால் போதும். எங்கள் ஆயா (பாட்டி) எதற்கெடுத்தாலும் கற்றாழை என்பார்கள். அதுவும் சிலருக்கு இதமாகத்தான் இருக்கும், ஆனால் மடலை வெட்டியதும் வடியும் மஞ்சள் பாலை முழுக்க வடியவிட்டு, கழுவிய உள்சதையை மட்டும் எடுக்க வேண்டும். அந்தப் பால் பட்டால் அரிக்கும். உரிந்த தோலில் கற்றாழையும் வேண்டாம். எலுமிச்சை, கஸ்தூரி மஞ்சள், கடலை மாவு தேய்ப்பு, பவுடர், ப்ளீச் எதுவும் அன்றைக்கு ஆகாது. அடுப்படி ஆவியும் வெயிலும் வியர்வையும் கூட அன்று ஒரு நாள் ஆகாது. ஆறியபின் வெளியே போகும்போது சன்ஸ்க்ரீன் அவசியம், ஏனென்றால் நம் நிறத் தோலில் புண் ஆறிய இடம் கறுத்துவிட்டால் அது மறைய மாதக்கணக்கில் ஆகும். நீர்க்கொப்புளமோ சீழோ வந்தால் வீட்டு வைத்தியம் வேண்டாம், தோல் மருத்துவரிடம் போங்கள்.

தோல் சீக்கிரம் எரிச்சல்படும் வகை என்றால் முகத்துக்கென்று வரும் சின்ன ரேசரோ கத்தரியோ போதும் என்று மருத்துவர் சொன்னார். மழித்தால் முடி தடித்து வளரும் என்பது உண்மையில்லை. நுனி மழுங்கி முளைப்பதால் கைக்கு அப்படித் தெரிகிறது. ஆனால் முடி தடித்துக் கறுத்து, தாடையிலும் வந்து, மாதவிலக்கும் தள்ளிப்போனால் ஹார்மோனைப் பார்க்க வேண்டியது முக்கியம்.

பார்லருக்குத் திரும்பப் போய்க் கேட்டேன். "உங்க ஸ்கின் அப்படி ஆச்சி" என்றார்கள். வேக்ஸ் காசை மட்டும் திருப்பிக் கொடுத்தார்கள். க்ரீம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டதற்கு மதுரையிலிருந்து ஒருவர் மொத்தமாகக் கொண்டுவந்து தருவார் என்பதற்கு மேல் பதில் இல்லை. நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். அது நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரை இங்கே போடவில்லை.

அதே மாதிரி டப்பா உங்கள் வீட்டில் இருந்தால் தூக்கி எறியாதீர்கள். நெடுநாளாகப் போட்டு வருகிறீர்கள் என்றால் நீங்களாகவே பட்டென்று நிறுத்தவும் வேண்டாம், முகம் மோசமாகச் சிவக்கும். டப்பாவையும் பில்லையும் எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போங்கள். தனியார் மருத்துவருக்கு வசதியில்லாதவர்களுக்குச் சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது. எப்படிக் குறைப்பது, இடையில் என்ன போடுவது என்பதை அவர்கள் சொல்வார்கள்.