ஒரு ஸ்விஃப்ட், மூன்று விதமான ஸ்பிரிங், ஐந்து ஆண்டு: தெருவுக்கும் டிராக் பந்தயத்துக்கும் நான் தேர்ந்தெடுத்த கதை

என் கார் டிக்கியில் சணல் சாக்கில் சுற்றிய இரண்டு ஸ்பிரிங்குகள் எப்போதும் கிடக்கும். வடசேரி அப்டா சந்தையில் மட்டி வாழைக் குலை ஏற்றுவதற்காக டிக்கியைத் திறக்கும்போதெல்லாம், "இது என்ன அண்ணாச்சி, லாரி சாமானா?" என்று சுமை தூக்குபவர்கள் கேட்பார்கள். இந்தக் காரின் பின்பக்க ஸ்பிரிங்குகள்தான் அவை. ஆண்டுக்கு இரண்டு மூன்று நாள் மட்டும் வேலை, மற்ற நாளெல்லாம் சாக்குக்குள் தூக்கம். இந்த ஏற்பாட்டுக்கு வந்து சேர எனக்கு ஐந்து ஆண்டுகளும் வீணாகப் போன சுமார் 30,000 ரூபாயும் ஆயின.

கார் 2008ஆம் ஆண்டு ஸ்விஃப்ட், 1.3 லிட்டர் பெட்ரோல், டிஎன் 74 பதிவு. 2018இல் இரண்டாம் கையாக வாங்கினேன். எக்ஸாஸ்ட் மாற்றி, ஈசியுவை (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) டியூன் செய்ததைத் தவிர எஞ்சினில் பெரிதாக எதுவும் செய்யவில்லை. தினமும் மண்டைக்காட்டிலிருந்து மணவாளக்குறிச்சி, அம்மாண்டிவிளை வழியாக நாகர்கோவிலுக்கு வேலைக்குப் போவதும் இதே கார்தான். வாய்ப்புக் கிடைக்கும்போது கோயம்புத்தூர் அருகே செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தளத்தில் கால் மைல், அதாவது 402 மீட்டர், ஓட்டிப் பார்ப்பதும் இதே கார்தான். டிரெய்லர் கிடையாது. 400 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிக்கொண்டு போய், பந்தயம் ஓட்டி, அதே சக்கரங்களில் வீடு திரும்ப வேண்டும். ஸ்பிரிங் தேர்வு எனக்குச் சிக்கலானதற்கு இதுதான் காரணம்.

2020இல் வாங்கிய முதல் செட், காரை 40 மி.மீ. தாழ்த்தும் ஸ்பிரிங்குகள். நான்கும் சேர்த்து 18,000 ரூபாய். "காரைத் தாழ்த்தினால் எடை பின்னால் போகாது, முன்சக்கரம் சுழலாமல் பிடிக்கும்" என்று விற்றவர் சொன்னார். நானும் நம்பினேன். உண்மையைச் சொன்னால், நிற்கும்போது கார் அழகாக இருந்தது என்பதுதான் வாங்கியதற்குக் காரணம். எடைக் கணக்கு பிறகு தேடிக்கொண்ட சாக்கு.

அந்தக் கணக்கை ஓராண்டு கழித்துத்தான் போட்டேன். கார் புறப்படும்போது முன்சக்கரங்களிலிருந்து பின்சக்கரங்களுக்குப் பெயரும் எடை நான்கே விஷயங்களைப் பொறுத்தது: காரின் எடை, முடுக்கம், ஈர்ப்பு மையத்தின் உயரம், முன் பின் சக்கரங்களுக்கு இடையிலான நீளம். என்னையும் சேர்த்துக் கார் 1,085 கிலோ, ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 520 மி.மீ., சக்கர இடைவெளி 2,390 மி.மீ., முடுக்கம் 0.4 ஜி (புவியீர்ப்பு முடுக்கத்தில் பத்தில் நான்கு பங்கு) என்று வைத்துக்கொண்டால் பின்னால் பெயர்வது ஏறத்தாழ 94 கிலோ. 40 மி.மீ. தாழ்த்தினால் அதில் மிச்சமாவது 7 கிலோ. ஒரு மட்டிக் குலையின் எடை! ஸ்பிரிங் எவ்வளவு கடினம் என்பது அந்தச் சமன்பாட்டிலேயே இல்லை.

அப்படியென்றால் ஸ்பிரிங் எதற்கு? பெயரும் எடை அதே 94 கிலோதான் என்றாலும், அது பெயரும்போது உடல் எவ்வளவு சாய்கிறது, சக்கரம் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதை ஸ்பிரிங் தீர்மானிக்கிறது. அந்தச் சாய்வு எவ்வளவு வேகமாக நடந்து எப்போது அடங்குகிறது என்பது ஷாக் அப்சார்பரின் கையில். முன்பக்கம் தூக்கும்போது ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கைத் தாங்கும் ஷாக் அப்சார்பர் தூண்) நீள்கிறது, சக்கரங்களின் டோ, அதாவது அவை உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் கோணம், மாறுகிறது, ஸ்ட்ரட் தன் எல்லையைத் தொட்டுவிட்டால் டயர் ஒரு கணம் தரையை விட்டுக்கொடுக்கிறது. அந்த ஒரு கணத்தில்தான் எஞ்சின் அலறி, சக்கரம் புகைந்து, நேரம் போகிறது.

முதல் செட்டோடு வாழ்ந்தது ஏழு மாதம். நம் குமரி மாவட்டத்தில் வீட்டுக்கு ஒரு தென்னை என்பதுபோலத் தெருவுக்கு ஒரு வேகத்தடை. மழைக்காலம் இரண்டு. தென்மேற்குப் பருவமழையில் பெயர்ந்த தார், வடகிழக்குப் பருவமழைக்குள் ஒட்டுப் போடப்பட்டு, மறுபடியும் பெயரும். 40 மி.மீ. தாழ்ந்த காரில் பம்ப் ஸ்டாப் ரப்பருக்கும் (முழுதாக அமுங்கும்போது இடியைத் தாங்கும் ரப்பர்) ஸ்ட்ரட்டுக்கும் இடையே மிச்சமிருந்த தூரம் ஒரு விரல் அளவுதான். பிறகு ஒவ்வொரு பள்ளத்திலும் நான் ஓட்டியது ஸ்பிரிங்கின் மேல் அல்ல, அந்த ரப்பரின் மேல். பந்தயத் தளத்திலும் பயனில்லை. ஜாக்கியில் தூக்கினால் ஸ்பிரிங் கையால் சுற்றும் அளவுக்குத் தளர்ந்து தொங்கியது. தன் இருக்கையில், அதாவது அது உட்காரும் கிண்ணத்தில், இறுகி நிற்காத ஸ்பிரிங் ஆபத்து. எந்த ஸ்பிரிங் வாங்கினாலும் சக்கரத்தை முழுதாகத் தொங்கவிட்டு இதைப் பாருங்கள். தளர்ந்திருந்தால் அன்றே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நான் கொடுக்கவில்லை. முன்டயர்களின் உள்விளிம்பு நூல் தெரியும்வரை தேய்ந்த பிறகுதான் புத்தி வந்தது.

இடையில் வேறொரு ஸ்விஃப்டின் பழைய தொழிற்சாலை முன் ஸ்பிரிங்கில் ஒரு சுற்று வெட்டிப் பார்த்த கூத்தும் உண்டு. வேலை செய்யும் சுற்று ஐந்தில் ஒன்றைக் குறைத்தால் ஸ்பிரிங் 25 சதவீதம் கடினமாகும். கணக்கு சரிதான். ஆனால் வெட்டிய முனை இருக்கையில் சரியாக உட்காராது. கேஸ் வைத்து வெட்டினால் சூடு பட்ட இடத்தில் எஃகின் பதம் போய்விடும். என்னுடையது லிஃப்டில் ஏற்றியபோது இருக்கையிலிருந்து தானாகக் கழன்று ஸ்ட்ரட்டைச் சுற்றித் தளர்ந்து ஆடியது. அங்கே நின்ற தக்கலை மேஸ்திரி அதைக் கையால் ஆட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மக்களே, பின்னால் உட்காருகிற காரை முன்னால் ஏன் நோண்டிக்கொண்டிருக்கிறாய்?"

நான் படித்திருந்ததெல்லாம் மஸ்டாங், கமாரோ போன்ற பின்சக்கர இழுவைக் கார்களுக்கான யோசனைகள். அவற்றுக்கு எடை பின்னால் போக வேண்டும். மென்மையான, நீளமான முன் ஸ்பிரிங் போட்டு மூக்கைத் தூக்கவிடுவார்கள். நம் ஊரில் ஓடும் சின்னக் கார்கள் பெரும்பாலும் முன்சக்கர இழுவை. இங்கே பாடம் தலைகீழ். பின்பக்கம் உட்காரக் கூடாது, முன்பக்கம் தேவைக்கு மேல் எழும்பக் கூடாது. இது தெரிய எனக்கு ஒன்றரை ஆண்டு பிடித்தது என்று எழுதவே வெட்கமாக இருக்கிறது.

இரண்டாவது செட் 2021இன் இறுதியில் வந்தது. முன்னால் 15 மி.மீ. மட்டும் தாழ்த்தும், தொழிற்சாலை ஸ்பிரிங்கைவிட ஏறத்தாழ 15 சதவீதம் கடினமான ஜோடி. கூடவே புதிய கேஸ் ஷாக் அப்சார்பர்கள். பின்னால், ஸ்பிரிங் சுற்றித் தரும் பட்டறையில் சொல்லிச் செய்த ஜோடி. அங்கேதான் எனக்கு ஸ்பிரிங்கின் இலக்கணம் புரிந்தது. கம்பியின் தடிமன் கடினத்தில் நான்காம் படியாகப் பேசுகிறது. 12 மி.மீ. கம்பியை 13 ஆக்கினால் மற்றதெல்லாம் அப்படியே இருக்க, ஸ்பிரிங் 38 சதவீதம் கடினமாகிவிடுகிறது. நான் "ரொம்ப வேண்டாம், கொஞ்சம் தடிப்பாக" என்று சொல்லியிருந்தேன். அந்தக் கொஞ்சத்தின் விலை 38 சதவீதம். சுற்றின் விட்டம் எதிர்த்திசையில் மூன்றாம் படி. எனவே பட்டறைக்குப் போகும்போது ஆசையைச் சொல்லாதீர்கள், வெர்னியரால் அளந்த கம்பித் தடிமன், சுற்று எண்ணிக்கை, விட்டம், நீளம் நான்கையும் எழுதிக் கொடுங்கள். கடினமான ஸ்பிரிங் அதே எடைக்குக் குறைவாகத்தான் அமுங்கும். நீளத்தைக் குறைக்காவிட்டால் கார் பின்பக்கம் தூக்கி நிற்கும். என்னுடையது முதலில் அப்படித்தான், வெட்டுக்கிளிபோல நின்றது.

இன்னொன்று: ஸ்பிரிங்கின் கடினம் அப்படியே சக்கரத்துக்கு வந்துவிடாது. சக்கரத்தைத் தாங்கும் கையின் அமைப்பில் ஸ்பிரிங், சக்கரத்தின் நகர்வில் 80 சதவீதம்தான் நகர்கிறது என்றால் சக்கரம் உணரும் கடினம் 64 சதவீதம்தான். நகர்வு விகிதத்தின் இருமடிப் பெருக்கம் அது. ஆகவே வேறு காரின் ஸ்பிரிங் எண்ணைக் கேட்டுத் தன் காருக்குப் பொருத்திப் பார்ப்பதில் பொருளே இல்லை.

தளத்தில் பலன் தெரிந்தது. முதல் 60 அடியை 2.68 நொடியில் கடந்த கார், 2.62இல் கடந்தது. 0.06 நொடி. சிரிக்காதீர்கள், அது மொத்த நேரத்திலும் அப்படியே தங்கியது. ஆனால் அன்றே இன்னொரு சோதனையும் செய்தேன். முன்டயர் காற்றழுத்தத்தை 32 பிஎஸ்ஐயிலிருந்து 24க்கு இறக்கினேன். 2.53. ஒரு பைசா செலவில்லாத காற்று, ஸ்பிரிங்கைவிட அதிகம் தந்தது. இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும் என்று சிலருக்குத் தோன்றலாம். எழுதியிருந்தால் மீதியை யார் படிப்பார்கள்? தளத்தைவிட்டு வெளியே வருமுன் காற்றைப் பழைய அளவுக்கு நிரப்பிவிட வேண்டும்.

தெருவில் இந்தக் கடினமான பின் ஸ்பிரிங் இரண்டு முகம் காட்டியது. அம்மா, சித்தி, பெரியம்மா மூவரும் பின்சீட்டில், டிக்கியில் பலாப்பழம் என்றால் கார் அருமை. "இப்போதுதான் கார் கார்போல ஓடுகிறது" என்றார் அம்மா. நான் மட்டும் தனியாக ஓட்டினால் பின்பக்கம் தவளைபோலக் குதிக்கும். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். 2022 ஜூன் மழையில் குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறைக்குப் போனபோது நடந்ததைப் பொறுக்க முடியவில்லை. ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே நனைந்த வளைவு, தாரின் மேல் இலை. வளைவுக்குள் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன். பின்பக்கம் அமைதியாக என்னை முந்தப் பார்த்தது. எதிரில் வாகனம் வராததால் இதை எழுதுகிறேன்.

காரணம் மர்மமல்ல. வளைவில் பின்பக்கம் முன்பக்கத்தைவிட விறைப்பாக இருந்தால், பக்கவாட்டில் பெயரும் எடையில் பெரும்பங்கைப் பின்டயர்கள் சுமந்து, வழுக்கத் தொடங்கும் எல்லை அவற்றுக்கு முதலில் வரும். காலை எடுத்ததும் எடை முன்னால் ஓடிப் பின்பக்கத்தை இன்னும் இலகுவாக்கும். நேர்கோட்டுக்கு எது மருந்தோ அதுவே மழை வளைவுக்கு நஞ்சு. ஒரே ஜோடி பின் ஸ்பிரிங் இரண்டையும் செய்யும் என்று யாராவது விற்றால் நம்ப மாட்டேன்.

மூன்றாவது ஏற்பாடு இதிலிருந்து பிறந்தது. இந்தக் காரின் பின்பக்கம் டார்ஷன் பீம், அதாவது இரு பின்சக்கரங்களையும் இணைக்கும் ஒரே முறுக்குத் தண்டு. ஸ்பிரிங் தனியாக, ஷாக் அப்சார்பர் தனியாக. முன்பக்கம் மாதிரி ஸ்ட்ரட்டைக் கழற்றி, அமுக்கியால் ஸ்பிரிங்கை இறுக்கி உயிரைக் கையில் பிடிக்க வேண்டியதில்லை. உடலை இரண்டு ஸ்டாண்டுகளில் நிறுத்தி, பீமை ஜாக்கியில் தாங்கி, இரு ஷாக்குகளின் கீழ் போல்ட்டைக் கழற்றி, பீமை மெல்ல இறக்கினால் ஸ்பிரிங் கைக்கு வந்துவிடும். பிரேக் ஹோஸ் இழுபடாமல் பார்க்க வேண்டும், ஜாக்கியை மட்டும் நம்பிக் காரின் அடியில் போகக் கூடாது. முதல் முறை இரண்டு மணி நேரம் ஆனது. இப்போது தம்பி உடனிருந்தால் 45 நிமிடம். ஆக, ஆண்டு முழுவதும் பின்னால் தொழிற்சாலை ஸ்பிரிங், தளத்தில் அந்தத் தடிக்கம்பி ஜோடி. பந்தயத்துக்காக முன்பக்கத்தைத் தொடுவதே இல்லை. கோயம்புத்தூர் போகும் வழியில் ஆரல்வாய்மொழிக் காற்றையும் நான்கு வழிச் சாலையையும் வழக்கமான ஸ்பிரிங்கிலேயே கடக்கிறேன்.

மரையைத் திருகி உயரத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய காயில்ஓவர் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாக வரும் செட்) வாங்கியிருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: நண்பர் ஒருவர் குளச்சலில் கடலுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு வைத்துக்கொண்டு, எனக்கு ஆனதைப்போல மூன்று மடங்கு செலவில் வாங்கிப் போட்டார். இரண்டாம் ஆண்டில் உப்புக் காற்று மரையைத் தின்றுவிட்டது. உயரத்தை மாற்றும் வளையம் இன்று எதற்கும் அசைவதில்லை. கடலோரத்தில் இருப்பவர்கள் வாங்கினால் மரையில் கிரீஸ் தடவி உறை போட்டு வைக்க வேண்டும். என் சாதாரண ஸ்பிரிங்குக்கே இந்தத் தொல்லை உண்டு. கீழ்ச்சுற்றில் கல் பட்டுப் பூச்சு உதிரும் இடத்தில் துரு குழி பறிக்கும், ஸ்பிரிங் உடைவதும் பெரும்பாலும் அங்கேதான். கீழ்ச்சுற்றுக்கு ரப்பர் குழாயைக் கிழித்து உறையாக மாட்டியிருக்கிறேன். முட்டம் பக்கம் போய்வந்தால் அன்றிரவே நல்ல தண்ணீரில் அடிப்பகுதியைக் கழுவுகிறேன்.

ஸ்பிரிங் காலப்போக்கில் அமர்ந்துபோகும் என்பதும் உண்மை. சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்புவரை அளந்து, தேதியோடு கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டியிருக்கிறேன். முன் ஜோடி முதல் ஓராண்டில் 6 மி.மீ. இறங்கியது, அதன்பிறகு நின்றுவிட்டது. ஸ்பிரிங் மாற்றியதும் உடனே வீல் அலைன்மென்ட் செய்து, 1,000 கிலோமீட்டர் கழித்து இன்னொரு முறை செய்வது இதற்காகத்தான். பழைய ஷாக் அப்சார்பரில் கடினமான ஸ்பிரிங் போடுவது வீண். ஸ்பிரிங் 38 சதவீதம் கூடினால் அடக்கும் விசையும் ஏறத்தாழ 17 சதவீதம் கூட வேண்டும், தளர்ந்த ஷாக்கில் அது எங்கிருந்து வரும்?

சட்டப் பக்கமும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. ஸ்பிரிங் விஷயத்தில் ஆய்வாளரோடு வாதாட எனக்கு மனமில்லை. 2023இல் 15 ஆண்டு முடிந்து பதிவைப் புதுப்பிக்கப் போனபோது, அதற்காக முன்பக்கத்தையும் மாற்றி, நான்கு சக்கரத்திலும் தொழிற்சாலை ஸ்பிரிங்தான் இருந்தது. பழையதை எடைக்குப் போடாதீர்கள் என்று இதனால்தான் சொல்கிறேன். இரவில் காவல்கிணறு நான்கு வழிச் சாலையில் பந்தயம் விடுபவர்கள் என்னிடம் ஸ்பிரிங் பற்றிக் கேட்டால் பதில் சொல்வதில்லை.

இப்போது ஓடோமீட்டர் 1,46,000. முன் இடது ஸ்ட்ரட்டின் மேல் மவுண்ட், நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் டங் என்று ஒரு சத்தம் போடுகிறது. மேஸ்திரி கேட்டுவிட்டு, பேரிங் போயிருக்கிறது, இரண்டு பக்கமும் சேர்த்து மாற்று என்றார். ஆடி மழை விட்டதும் மாற்ற வேண்டும். சாக்கில் உள்ள ஜோடிக்கு அதுவரை வேலையில்லை.