சுண்ணாம்புப் பாலா, அமிலக் கரைசலா? வீழ்படிவு கால்சியம் கார்பனேட்டுக்கு இரு வழிகள்

அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் கடல் உயிரிகளின் ஓடுகளோடு படிந்து இறுகியது. சங்ககிரிக் கல்லோ வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிப் படிகமானது. இரண்டும் கால்சியம் கார்பனேட்தான் என்றாலும், களிமண், சிலிக்கா, இரும்பு, மக்னீசியம் ஆகியவை கல்லுக்குக் கல் மாறுவதால், அதிலிருந்து வீழ்படிவு கால்சியம் கார்பனேட் (வேதிவினையால் நீரில் மீண்டும் படியவைத்த நுண்ணிய வெண்பொடி) தயாரிக்கும் வழியைத் தேர்வதற்கு முன் கல்லைப் பகுத்தாய்வது அவசியம்.

முதல் வழியில் கல்லை ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸில் சூளையில் சுட்டு, நீர் சேர்த்து நீற்றி, சுண்ணாம்புப் பாலாக்கி, அதில் கார்பன் டை ஆக்சைடைச் செலுத்தி வீழ்படிவைப் பெறுகிறோம். தூய கல் 100 கிலோவிலிருந்து 56 கிலோ சுட்ட சுண்ணாம்பும் 44 கிலோ வாயுவும் கிடைக்கின்றன; அந்த வாயுவையே தூய்மைப்படுத்தித் திரும்பச் செலுத்தலாம் என்பதுதான் இவ்வழியின் பெரும் பலம். நீற்றும்போது வேகாத கல்லையும் மணலையும் சலித்து நீக்கலாம். ஆனால் நுண்ணிய இரும்புத் துகள்கள் பாலோடு வந்து வெண்மையைக் குறைக்கும்.

இங்கே அவசரம் கூடாது. காரத்தில் இளஞ்சிவப்பாகும் பினாப்தலீன் என்ற நிறங்காட்டியைச் சேர்த்த மாதிரியில் இளஞ்சிவப்பு மறைந்ததும் வினை முடிந்ததாகத் தோன்றும். சிறிது நேரம் வைத்திருந்தால் நிறம் மெல்லத் திரும்பி வரும். கார்பனேட் உறைக்குள் சிக்கிய சுண்ணாம்பு கசிவதே காரணம் என்பதால், நிறம் திரும்பி வருவது நிற்கும் வரை வாயுவைத் தொடர வேண்டும்.

இரண்டாவது வழியில் கல்லை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைக்கிறோம். சிலிக்கா கரையாமல் வடிதாளில் தங்கிவிடும். கரைசலைக் காரமாக்கினால் இரும்பும் ஹைட்ராக்சைடாக வீழ்ந்துவிடும். பிறகு சோடியம் கார்பனேட் சேர்த்தால் மிகத் தூய வெண்படிவு கிடைக்கும். ஆனால் 100 கிராம் விளைபொருளுக்கு 73 கிராம் அமிலமும் 106 கிராம் சோடியம் கார்பனேட்டும் செலவாகி, 117 கிராம் உப்பு கழிவுநீரில் சேர்கிறது. அந்த உப்புநீர் நிலத்தடி நீரில் கலந்தால் திரும்பப் பெற முடியாது. ஆகவே, ஆய்வகத்துக்கும் சிறு அளவிலான தூய தயாரிப்புக்கும் இது தகும், காகிதம், பெயின்ட் போன்ற பெருந்தேவைகளுக்குச் சூளை வழியே சிறந்தது என்பது என் உறுதியான கருத்து.

விளைபொருளைச் சோதிப்பதில் வெண்மையை மட்டும் நம்பக் கூடாது. கால்சைட், அரகோனைட், வாட்டரைட் ஆகிய மூன்றும் கால்சியம் கார்பனேட்டின் வெவ்வேறு படிக வடிவங்கள். செம்பு இலக்கிலிருந்து வரும் எக்ஸ் கதிரின் விளிம்பு விளைவில் (படிகத்தில் பட்டு கதிர் சிதறும் கோணங்களை அளக்கும் சோதனை) கால்சைட்டின் முதன்மை உச்சம் 29.4 டிகிரியிலும், அரகோனைட்டினுடையது 26.2 டிகிரியிலும் தெரியும். துகள் ஊசியா, கனசதுரமா என்பதை எலக்ட்ரான் நுண்ணோக்கியே காட்டும். இரண்டாவது வழியில் அறை வெப்பநிலையில் வாட்டரைட் எளிதில் உருவாகும். அது ஈரத்திலேயே கிடந்தால் கால்சைட்டாக மாறிவிடும். ஆகவே, வடித்த உடனே உலர்த்திய மாதிரியையும் ஒரு நாள் நீரில் விட்ட மாதிரியையும் தனித்தனியே அளந்து பதிவுசெய்ய வேண்டும்.