புரண்டு படுத்தால் தலைசுற்றுகிறதா? கும்பகோணத்தில் நான் பார்த்த காது டாக்டர்

படுக்கையில் புரண்டாலோ அண்ணாந்து பார்த்தாலோ அரை நிமிஷத்துக்கு எல்லாமே சுழல்கிறது, அப்புறம் தானாக நிற்கிறது. இப்படித் தலைசுற்றல் உள்ளவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கும்பகோணத்தில் மகாமகக் குளத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு சின்ன காது மூக்கு தொண்டை கிளினிக். ஒரு டாக்டரம்மா, ஒரு நர்ஸ், அவ்வளவுதான். எனக்குக் குணம் கிடைத்தது அங்கேதான்.

எனக்கு ராஜகிரி பக்கம் வெற்றிலைக் கொடிக்கால். ஏணியில் ஏறி, அண்ணாந்து பார்த்துக் கிள்ளுகிற வேலை. தலையை நிமிர்த்தினாலே கொடி படரும் அகத்தி வரிசை மொத்தமும் சாய்ந்தால் ஏணியில் எப்படி நிற்பது? முதலில் போன வேறொரு இடத்தில் கழுத்துக்கு எக்ஸ்ரே எடுத்து, எலும்புத் தேய்மானம் என்று சொல்லிப் பட்டை மாட்டிவிட்டார்கள். பீட்டாஹிஸ்டின், ஸ்டெமெட்டில் என்ற தலைசுற்றல் மாத்திரைகளும் எழுதிக் கொடுத்தார்கள். தூக்கம் வந்தது, சுற்றல் போகவில்லை. படுக்க வைத்து யாரும் பார்க்கவே இல்லை என்பதுதான் என் வருத்தம்.

இங்கே டாக்டரம்மா மாத்திரைச் சீட்டைத் தொடுவதற்கு முன் கேள்விகள் கேட்டார். எந்தப் பக்கம் புரண்டால் சுற்றுகிறது, எவ்வளவு நேரம், காதில் இரைச்சல் உண்டா, பேச்சு குழறியதா, கை கால் மரத்ததா. கழுத்தில் பழைய அடி ஏதும் உண்டா என்றும் கேட்டுக்கொண்டார். பிறகு மேஜையில் உட்கார வைத்து, தலையை வலப்பக்கம் பாதி திருப்பி, சட்டென்று பின்னால் சாய்த்தார். தலை மேஜை விளிம்புக்குக் கொஞ்சம் கீழே தொங்கியது. “ஐயா, எவ்வளவு சுத்தினாலும் கண்ணை மூடாதீங்க, என்னையே பாருங்க” என்றார். சில விநாடி ஒன்றுமில்லை. அப்புறம் மேற்கூரை பிய்த்துக்கொண்டு சுழன்றது. பக்கத்தில் நின்ற என் மனைவி, என் இரண்டு கருவிழியும் துடித்துத் துடித்துச் சுழன்றதைப் பார்த்து பயந்துவிட்டாள். அந்தத் துடிப்பை வைத்துத்தான் எந்தக் காது, உள்காதில் எந்தக் குழாய் என்று கண்டுபிடிக்கிறார்களாம். இதற்கு டிக்ஸ்-ஹால்பைக் பரிசோதனை என்று பெயர்.

உள்காதில் கால்சியம் கார்பனேட் துகள்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். அவை கழன்று, தலை அசைவை உணரும் அரைவட்டக் குழாய்க்குள் விழுந்தால், தலை அசையும்போதெல்லாம் உள்ளே இருக்கும் திரவத்தைத் தள்ளிவிடும். உடம்பு சும்மா இருந்தாலும் மூளைக்குச் சுழல்வதாகவே செய்தி போகும். வெற்றிலைச் சுண்ணாம்பால் வந்ததா என்று மனைவி கேட்டாள். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்று டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்.

சிகிச்சைக்கு எப்லி முறை என்று பெயர். ஜான் எப்லி என்ற அமெரிக்க மருத்துவர் 1992-இல் வெளியிட்டது. சுற்றல் அடங்கும்வரை அதே நிலையில் வைத்திருந்து, தலையை மெதுவாக இடப்பக்கம் திருப்பினார். பிறகு உடம்போடு இடப்பக்கம் உருட்டி, மூக்கு தரையைப் பார்க்கும்படி வைத்தார். ஒவ்வொரு நிலையிலும் அரை நிமிஷத்துக்கு மேல். கடைசியில் மெல்ல எழுப்பி உட்கார வைத்தார். குமட்டல் வந்தது, நர்ஸ் தட்டோடு தயாராக நின்றார். கொஞ்ச நேரம் உட்கார வைத்து மறுபடி சாய்த்துப் பார்த்தபோது விழி அசையவில்லை, கூரையும் அசையவில்லை.

மாத்திரை? குமட்டலுக்கு மட்டும், தேவைப்பட்டால் போட. துகளை இடம் மாற்ற எந்த மாத்திரையாலும் முடியாது என்று தெளிவாகச் சொன்னார். இந்த நோய்க்குத் தலைசுற்றல் மாத்திரையை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்று அமெரிக்க காது மூக்கு தொண்டை மருத்துவர் சங்கத்தின் 2017 வழிகாட்டுதலும் சொல்கிறது. சிகிச்சைக்குப் பிறகு உட்கார்ந்தே தூங்க வேண்டும், கழுத்தை அசைக்கக் கூடாது என்ற கட்டுப்பாடும் வேண்டாமாம். கழுத்துப் பட்டையை அன்றைக்கே கழற்றச் சொல்லிவிட்டார்.

குறை என்றால் கிளினிக் மாடியில் இருப்பதுதான். குறுகலான படி, ஒரு பக்கம் மட்டும் கைப்பிடி. தலைசுற்றலோடு வருகிறவர்களுக்கு இது ஆபத்து, கண்டிப்பாக மாற்ற வேண்டும். டோக்கன் வாங்கினாலும் நேரம் ஆகும், ஏனென்றால் ஒவ்வொருவரையும் நிதானமாகப் பார்க்கிறார். அதற்காகக் காத்திருக்கலாம்.

இது திரும்பவும் வரக்கூடியதுதான் என்று முன்கூட்டியே சொல்லி அனுப்பினார். வந்தால் மறுபடி அதே முறைதான். சுற்றலோடு பேச்சு குழறினாலோ, ஒன்று இரண்டாகத் தெரிந்தாலோ, கை கால் பலம் குறைந்தாலோ, நடக்கவே முடியாவிட்டாலோ இந்த கிளினிக்குக்கு வராதீர்கள். நேராகத் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மாதிரிப் பெரிய இடத்துக்கு உடனே போய்விடுங்கள். மற்றபடி போகிறவர்கள் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போகாதீர்கள், துணைக்கு ஒருவரை அழைத்துப் போங்கள், திரும்பும்போது நீங்களே வண்டி ஓட்டாதீர்கள்.