உதட்டு அக்கிக்கு எந்த மாத்திரை?

உதட்டோரம் குறுகுறுவென்று தொடங்கி, மறுநாளே நீர்க்கொப்புளங்களாகக் கொத்தாய் எழும் அக்கி ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை எனக்கு வந்துவிடும். வெயிலில் அலைந்தாலோ காய்ச்சல் கண்டாலோ அது தப்பாது. சிறுவயதில் குயவர் வீட்டுக்கு அழைத்துப்போய்க் காவியால் அக்கி எழுதுவித்தார்கள். பெரியவனான பின் தோல் மருத்துவர்களின் சீட்டின்படி அசைக்ளோவிர், வாலாசைக்ளோவிர், ஃபாம்சைக்ளோவிர் ஆகிய மூன்றையும் வெவ்வேறு தடவைகளில் உட்கொண்டிருக்கிறேன்.

மூன்றும் வேலை செய்யும் விதம் ஏறக்குறைய ஒன்றே. அக்கியை உண்டாக்கும் ஹெர்பிஸ் வைரஸின் சொந்த நொதியான தைமிடின் கைனேஸ்தான் மருந்தை முதலில் செயலூக்கம் பெறச் செய்கிறது என்பதால், தொற்றிய செல்களில்தான் அதன் வேகம் பெரும்பாலும் வெளிப்படுகிறது. முகத்து நரம்பு முடிச்சில் உறங்கிக் கிடக்கும் அந்த வைரஸை இவற்றில் எதுவும் அழிப்பதில்லை. ஆகவே அடுத்த முறை வராது என்று எண்ணி வாங்குவது வீண்.

மூத்தது அசைக்ளோவிர். இதை உருவாக்கிய ஆய்வில் பெரும்பங்கு வகித்த கெர்ட்ரூட் எலியன் 1988ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். விலையும் மலிவு. ஆனால் விழுங்கியதில் 10 முதல் 20 சதவீதமே இரத்தத்தைச் சேர்வதால், 400 மில்லிகிராம் மாத்திரையை நாளொன்றுக்கு ஐந்து வேளை வீதம் ஐந்து நாள், அதாவது 25 மாத்திரைகள் விழுங்க வேண்டியிருந்தது. மூன்றாம் நாள் அலுவலக மும்முரத்தில் இரண்டு வேளைகளை மறந்தேன். மறக்காதவர் அபூர்வம் என்றே நினைக்கிறேன்.

அசைக்ளோவிருடன் வாலின் என்னும் அமினோ அமிலத்தை இணைத்தால் கிடைப்பது வாலாசைக்ளோவிர். அது உடலுக்குள் சென்று மீண்டும் அசைக்ளோவிராக மாறும்போது, இரத்தத்தில் சேரும் அளவு 54 சதவீதத்தை எட்டுகிறது. எனவே 2 கிராம், பன்னிரண்டு மணி நேரம் கழித்து மறுபடி 2 கிராம் என்று ஒரே நாளில் சிகிச்சை முடிந்துவிடுகிறது. 500 மில்லிகிராம் மாத்திரை என்றால் வேளைக்கு நான்கு. அவை சற்றே பெரியவை, தொண்டை சிறுத்தவர்களுக்குச் சங்கடம்தான்.

ஃபாம்சைக்ளோவிர் இதைவிடவும் எளிது: 1,500 மில்லிகிராம், ஒரே வேளை. உடலில் இது பென்சைக்ளோவிராக மாறி, தொற்றிய செல்லுக்குள் நெடுநேரம் தங்குகிறது. ஓர் ஆய்வில் புண் ஆற வெற்று மாத்திரை உண்டவர்களுக்கு 6.2 நாளும், இதை உண்டவர்களுக்கு 4.4 நாளும் ஆயின. வாலாசைக்ளோவிர் ஏறத்தாழ ஒரு நாளைக் குறைத்ததாக வேறு ஆய்வுகள் காட்டின. ஆனால் தனித்தனி ஆய்வுகளின் எண்களை அருகருகே வைத்து, ஃபாம்சைக்ளோவிரே மேல் என்று தீர்ப்பளிப்பது நேர்மையாகாது. எங்கள் ஊர்க் கடைகளில் அது எளிதில் கிடைப்பதும் இல்லை.

உண்மையில் மருந்தைவிட நேரமே பெரிது. ஒருமுறை கொப்புளம் எழுந்த மறுநாள்தான் மாத்திரை கைக்கு வந்தது. எந்த வித்தியாசமும் தெரியவில்லை. குறுகுறுப்பு தொடங்கிய ஒரு மணி நேரத்துக்குள் வாலாசைக்ளோவிர் போட்ட முறை, கொப்புளம் சிறிதாகவே எழுந்து அடங்கிவிட்டது.

மூன்றிலும் தலைவலியும் குமட்டலும் வரக்கூடும். எனக்கு இலேசான தலைவலி மட்டும் வந்தது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டியிருப்பதால், பிறருக்கு எழுதிய சீட்டைக் காட்டி வாங்கக் கூடாது. கண்ணில் வலியோ சிவப்போ கண்டால் மாத்திரையைத் தேடாமல் உடனே கண் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

இப்போது மருத்துவரிடம் முன்கூட்டியே சீட்டு பெற்று, ஒரு நாளைக்கான எட்டு வாலாசைக்ளோவிர் மாத்திரைகளை அலுவலகப் பையிலேயே வைத்திருக்கிறேன்.